மூன்றும் நான்கும் பச்சை!

"வீ...ல்!"

அந்த அலறலில் மூன்று மாடிக் கட்டடமும் ஒரு குலுங்கு குலுங்கியது.

கணக்குப் பிரிவில் ஒருவர் சூடான டீயை மடியில் கவிழ்த்துக்கொண்டார். லிஃப்டுக்குள் இருந்த ஒருவர் பயத்தில் எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினார்.

அலறியவள் ஆந்தை!

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கண்காணிப்பு அறையில் நாள் முழுக்க இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதால், ஆபீசே கூடி வைத்த பெயர் ஆந்தை.

இப்போது அவள் திரைக்கு முன்னால் இல்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், மெஷின் ஹாலில் நின்றிருந்தாள். பற்கள் தந்தியடிக்கும் குளிர். எதிரே கறுப்பு பீரோக்களை ஒட்டி ஒட்டி நிறுத்தியது போல மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர்.

அதன் காலடியில்...

ஒரு மனிதர்!

தரையில் ஒரு சதுர ஓடு பெயர்த்து எடுக்கப்பட்டிருந்தது. அந்தக் குழிக்குள் அவருடைய பாதி. குழிக்கு வெளியே மீதி. பின்னந்தலையில் ரத்தம். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். மூடிய கண்கள்.

"அண்ணா! அண்ணா... எந்திரிங்க!"

அசைவில்லை.

விழுந்து கிடந்தவர் வயர். கம்பெனியின் நெட்வொர்க் இன்ஜினீயர். கேபிள், பிளக், போர்ட் தவிர வேறு எதைப் பற்றியும் பேசாத மனிதர். போதாததற்கு, ஆந்தையின் நாத்தனார் புருஷன்!

ஆந்தை திறந்து விட்டிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் எம்.டி. புது கோட்டு, புது டை, புது ஷூ. கிடந்தவரை ஒரு தடவை பார்த்தார். கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார்.

"இன்னிக்குத்தானா? மதியம் தலைமை ஆபீஸ்லருந்து ஆளுங்க வர்றாங்க. இவனுக்குச் சாகறதுக்கு வேற நாளே கிடைக்கலையா?"

"சார்! மனுஷன் கிடக்கறார்..."

"நானும் மனுஷன்தாம்மா! போலீஸைக் கூப்பிடு. அவங்க வர்றதுக்குள்ள இந்த இடத்தைச் சுத்தம் பண்ணு!"

"பண்ணக் கூடாது சார். தடயம்."

"அப்போ மேல ஒரு துணியாவது போடு. பார்க்க நல்லா இல்லை!"

*

இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே கான்ஸ்டபிளின் தொப்பை வந்தது. அதற்குப் பின்னால் கான்ஸ்டபிள் வந்தார்.

இன்ஸ்பெக்டருக்கு ஒரு பெருமை உண்டு. எந்தக் கேஸாக இருந்தாலும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். அது தப்பு என்று தெரிவதற்குத்தான் நாளாகும்.

"கொலை!" என்றார், வாசலில் நின்றபடியே.

"சார், பக்கத்துல போய்ப் பார்க்கலையே..." என்றார் கான்ஸ்டபிள்.

"எதுக்குய்யா? நல்லாத் தெரியுதே! தலையில அடிச்சிருக்காங்க. பொணத்தைப் புதைக்கறதுக்காகத் தரையைத் தோண்டியிருக்காங்க. பாதி புதைக்கறதுக்குள்ள யாரோ வந்துட்டாங்க!"

"சார், அது தோண்டின குழி இல்லை," என்றாள் ஆந்தை. "இந்த ஹால்ல தரையே ரெண்டு அடுக்கு. ஒரு டைலை எடுத்தா அடியில கேபிள் போறதுக்கு இடம் இருக்கும்."

"ஓஹோ! புதைக்கறதுக்கு ரெடிமேட் குழி! கொலைகாரன் இந்த இடம் தெரிஞ்சவன். எழுதிக்கய்யா... இறந்தவர், ஆண். மாநிறம். இறந்து..."

"ஹச்!"

"குறுக்க தும்மாதய்யா."

"நான் தும்மலை சார்."

"நீ தும்மலையாம்மா?"

"இல்லை சார்."

மூவரும் மெதுவாகத் தலையைத் திருப்பினார்கள்.

"ஹச்சு!" என்றது பிணம்.

கான்ஸ்டபிளின் பேனா கீழே விழுந்தது. பின்னாலேயே கான்ஸ்டபிளும்!

*

வயர் சாகவில்லை!

கம்பெனி டாக்டர் வந்து தலையில் கட்டுப் போட்டார். "லேசான அடிதான். மயக்கம் தெளியக் கொஞ்ச நேரமாகும். யாரும் உலுக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். வயரைத் தூக்கிக் கண்காணிப்பு அறையின் சோபாவில் படுக்க வைத்தார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு முகம் தொங்கிப்போனது. கொலை, கொலை முயற்சியாக இறங்கிவிட்டதே!

"சரி. இவரை முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான் சார்," என்றாள் ஆந்தை.

"அந்த ஹாலுக்குள்ள போக யார் யார்கிட்ட கார்டு இருக்கு?"

"அவர்கிட்ட ஒண்ணு. என்கிட்ட ஒண்ணு."

"வேற?"

"வேற யார்கிட்டயும் இல்லை சார்."

"கேஸ் முடிஞ்சுது!" இன்ஸ்பெக்டர் கைவிலங்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் புருஷன், குழந்தை. சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் அவள் போய் நிற்கவில்லை என்றால் குழந்தை அழும். செய்யாத குற்றத்துக்கு ஜெயிலா?

"சார், ஒரு நிமிஷம்! அவர் விழறதுக்கு முன்னாடி இன்னொண்ணு நடந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் நான் உள்ள ஓடினேன்."

"என்ன?"

"மூணாவது போர்ட்டுக்கும் நாலாவது போர்ட்டுக்கும் உயிர் வந்துச்சு!"

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் கூரையைப் பார்த்தார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்று சட்டென்று குறுக்கே விழுந்தார் எம்.டி.

"நீங்க இருங்க சார். சொல்லும்மா. போர்ட்னா என்ன?"

ஆந்தை சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினாள். அதில் நான்கு பெட்டிகள். நான்கும் பச்சை.

"அந்த மெஷின் வெளிய பேசறதுக்கு நாலு வாசல் சார். ஈதர்நெட் போர்ட். கேபிளை அதுல சொருகுவாங்க. கிளை ஆபீஸ்ல உட்கார்ந்து 'இவருக்குப் பாலிசி இருக்கா'ன்னு தட்டினா, கேள்வி உள்ள வர்றதும் பதில் வெளிய போறதும் அது வழியாத்தான். ஒவ்வொரு போர்ட்லயும் எவ்வளவு போகுது, எவ்வளவு வருது, எங்கயாவது தப்பு விழுதான்னு இந்த ஸ்கிரீன் காட்டும். அதைப் பார்த்துக்கிட்டே இருக்கறதுதான் என் வேலை."

"வெறுமனே பார்க்கறதா?"

"வெறுமனேதான் சார்."

"அதுக்குச் சம்பளமா?"

"மாசக் கடைசியில அதையும் வெறுமனே பார்க்கறேன் சார்."

கான்ஸ்டபிள் சிரித்தார். இன்ஸ்பெக்டர் முறைத்தார். கான்ஸ்டபிள் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"பச்சைன்னா போர்ட் உயிரோட இருக்கு," என்று தொடர்ந்தாள் ஆந்தை. "சிவப்புன்னா செத்துப்போச்சு. சாம்பல் கலர்னா கேபிளே சொருகாத காலி போர்ட். எங்களுக்கு ஒண்ணும் ரெண்டும் போதும். மூணும் நாலும் இந்த மெஷின் வந்த நாள்லருந்து சாம்பல்தான். காலையில நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்... மூணு பச்சையாச்சு! அதே விநாடி நாலும் பச்சையாச்சு!"

"அலாரம் அடிச்சிருக்குமே?"

"அடிக்கலை சார்."

"ஏன்?"

"போர்ட் செத்தாத்தான் அடிக்கும். உயிர் வந்தா அடிக்காது. அலாரம் வெச்சவங்க, செத்ததுக்கு உயிர் வரும்னு நினைச்சே பார்க்கலை."

இன்ஸ்பெக்டரின் கண்கள் தானாகச் சோபாப் பக்கம் போய்வந்தன.

"நினைக்கணும்மா. நினைக்கணும்," என்றார் ஈனக்குரலில்.

அந்தக் குளிரிலும் எம்.டி.யின் நெற்றியில் வியர்வை அரும்பியது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். அடுத்த கணம், அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்!

"இன்ஸ்பெக்டர்! எனக்குப் புரிஞ்சுபோச்சு. உளவு! யாருக்கோ நம்ம மெஷின்ல திருட்டு வாசல் திறந்து விட்டிருக்கா இந்தப் பொண்ணு. வயர் பார்த்துட்டான். தடுக்கப் போனான். இவ அவன் தலையிலயே ஒண்ணு போட்டுட்டா!"

"சார்!" ஆந்தை துடித்துப்போனாள். "நானா? திருட்டு வாசல் திறந்தவளே வந்து வாசல் திறந்திருக்குன்னு சொல்லுவாளா?"

"அதான் சாமர்த்தியம்!" என்றார் எம்.டி. "இன்ஸ்பெக்டர், தலைமை ஆபீஸ் ஆளுங்க வர்றதுக்குள்ள இவளைக் கொண்டு போயிடுங்க. ப்ளீஸ்!"

*

மெயின்ஃப்ரேமின் பின்பக்கம். மூன்றாவது போர்ட்டிலிருந்து ஒரு மஞ்சள் கேபிள் தரைக் குழிக்குள் இறங்கியது. நாலாவது போர்ட்டிலிருந்தும் ஒரு மஞ்சள் கேபிள் அதே குழிக்குள் இறங்கியது.

"ரெண்டு கேபிள்... ரெண்டு உளவாளி!" இன்ஸ்பெக்டரின் குரல் நடுங்கியது. குளிரா, ஆனந்தமா, தெரியவில்லை. "யோவ்! நாலாவது கேபிளைப் பிடிச்சுக்கிட்டே போ. எங்க முடியுதோ அங்க இருக்கான் நம்ம ஆளு!"

"சார்... குழிக்குள்ளயா?"

"இல்லை, கனவுல! இறங்குய்யா!"

கான்ஸ்டபிள் இறங்கினார். தொப்பை இறங்க மறுத்தது. இன்ஸ்பெக்டர் தோளில் கை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.

'பொளக்' என்று ஒரு சத்தம். கான்ஸ்டபிளைக் காணோம்!

அதே நேரம் கண்காணிப்பு அறையின் கதவு படீரென்று திறந்தது.

"அண்ணி! என் புருஷனை என்ன பண்ணீங்க?"

நாத்தனார்! தலைமுடி ஒரு பக்கம், கைப்பை ஒரு பக்கம். சோபாவில் கிடந்தவரைப் பார்த்ததும் பாய்ந்தாள்.

"ஐயோ... காலையில நல்லாச் சாப்பிட்டுட்டு வந்த மனுஷனை இப்படிக் கட்டுப் போட்டு வெச்சிருக்காங்களே!"

"நான் ஒண்ணும் பண்ணலைடி. சத்தியமா!"

ஹாலிலிருந்து திரும்பி வந்த இன்ஸ்பெக்டரின் காது விடைத்தது.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"இவங்க எங்க அண்ணன் சம்சாரம் சார்," என்றாள் நாத்தனார். "ஆனா பேச்சுவார்த்தை இல்லை."

"ஏன்?"

"என் குக்கர் மூடியை வாங்கிட்டுப் போனாங்க. திருப்பிக் கேட்டா, குக்கரையும் குடுன்னாங்க சார்!"

"மூடியை மட்டும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?" என்றாள் ஆந்தை.

"அதை வாங்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும் அண்ணி!"

"கொலைக்குக் காரணமும் கிடைச்சாச்சு!" இன்ஸ்பெக்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "குடும்பப் பகை!"

அவருடைய செல்போன் அலறியது.

"சார்... நான்தான்... கேன்டீன்ல இருக்கேன்."

"கேபிளைத் தேடச் சொன்னா கேன்டீனுக்கா போன?"

"கேபிள்தான் சார் கூட்டிட்டு வந்துச்சு. அடுப்புக்கு மேல கூரையில போகுது."

"வாயில என்னய்யா?"

"சாட்சியை... விசாரிக்கறேன் சார்."

"முழுங்கிட்டு விசாரி! மேல போ!"

இன்ஸ்பெக்டர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். எம்.டி. வாசலை எட்டி எட்டிப் பார்த்தார். நாத்தனார், புருஷனின் நெற்றியைத் தடவிக்கொண்டே அண்ணியை முறைத்தாள். ஆந்தை மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்... இமைக்காமல்.

மறுபடியும் போன்.

"சார்... ஒரு பெரிய ரூமுக்குள்ள வந்திருக்கேன். கேபிள் சோபாவுக்குப் பின்னாடி போகுது. மேஜையில ஒரு போட்டோ இருக்கு. நம்ம எம்.டி. சார் அவருக்கே கை குடுக்கற மாதிரி..."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"சார், திருட்டுக் கேபிள் உங்க ரூமுக்குள்ள என்ன பண்ணுது?"

"என் ரூமா?" எம்.டி. நிஜமாகவே அதிர்ந்தார். "எவன் போட்டான்? எனக்குத் தெரியாதே!"

"சார், சார்..." போனில் கான்ஸ்டபிள். "அவரைப் பிடிச்சுடாதீங்க! வந்த வேகத்துல ஜன்னல் வழியா வெளிய போயிடுச்சு. மொட்டை மாடிக்கு."

"நீயும் போ!"

"ஜன்னல் வழியாவா சார்?"

"படி வழியா!"

எம்.டி. மூச்சு விட்டார். ஆந்தை எழுந்து நின்றாள்.

"சார், அவரைக் கூப்பிடுங்க. பாவம், வீணா அலையறார்."

"என்னது?"

"இங்க பாருங்க. மூணாவது போர்ட்லருந்து எவ்வளவு வெளிய போகுதோ, கரெக்டா அவ்வளவுதான் நாலாவதுல உள்ள வருது. நாலாவதுலருந்து போறது அப்படியே மூணாவதுல வருது. ஒரு துளி கூடக் குறையலை, ஏறலை. வெளியாள் யாராவது இருந்தா இப்படி இருக்காது சார். மூணும் நாலும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது. ரெண்டு கேபிள் இல்லை. ஒரே கேபிளோட ரெண்டு நுனி!"

"பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு வாசலுக்கு எவனாவது கட்டடத்தைச் சுத்திக் கேபிள் இழுப்பானா? கதை விடாதம்மா!"

போன்.

"சார், தண்ணித் தொட்டியைக் கேபிள் சுத்திச் சுத்திப் போகுது..."

"எதுக்குய்யா?"

"தெரியலை சார். எனக்கே இப்பச் சுத்துது."

எங்கோ ஒரு பெண் "அய்யோ, ஆம்பளை!" என்று கத்துவது கேட்டது. தடதடவென்று பலர் ஓடும் சத்தம்.

கடைசிப் போன் மூச்சிரைப்போடு வந்தது.

"சார்... கேபிள் லேடீஸ் பாத்ரூம் வழியா வருது சார். நானும் வந்துட்டேன். செருப்படி கொஞ்சம் பலம். இப்போ மறுபடியும் தரைக்கு அடியில போறேன்... வெளிச்சம் தெரியுது சார்... கிட்ட வந்துட்டேன்... இதோ!"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், மெஷின் ஹாலில், அதே சதுரக் குழியிலிருந்து ஒரு தலை எழும்பியது. ஒட்டடை, தூசி, ஒரு காதில் சோப்பு நுரை.

"கண்டுபிடிச்சுட்டேன் சார்! உளவாளியோட இடம்..." கான்ஸ்டபிள் சுற்றிலும் பார்த்தார். "இந்த இடத்தை எங்கயோ பார்த்திருக்கேனே?"

அவர் கையில் பிடித்திருந்த கேபிள், மேலே ஏறி, மூன்றாவது போர்ட்டில் முடிந்தது!

*

கான்ஸ்டபிள் தூசியை உதறிக்கொண்டே கண்காணிப்பு அறைக்குள் வந்தார்.

"நான் சொன்னேன்ல சார்?" என்றாள் ஆந்தை.

"ஆமா, சொன்ன." இன்ஸ்பெக்டர் கண்களைச் சுருக்கினார். "கேபிள் முடியுற இடம் உனக்கு எப்படிம்மா முன்னாடியே தெரியும்?"

"ஸ்கிரீனைப் பார்த்து..."

"போட்டவளுக்குத்தான் தெரியும்! வெளியாள் இல்லைன்னு ஆயிடுச்சு. உள்ள போற கார்டு ரெண்டே பேர்கிட்ட. ஒருத்தர் தலை உடைஞ்சு கிடக்கார். மிச்சம் யாரு?"

ஆந்தைக்கு வியர்த்தது. உண்மையைச் சொல்லச் சொல்லக் கயிறு இறுகுகிறதே!

"தங்கச்சி... தண்ணி..."

எல்லோரும் பாய்ந்து திரும்பினார்கள். சோபாவில் வயர் கண்ணைத் திறந்திருந்தார்!

"என்னங்க! என்னங்க, நான் யாருன்னு தெரியுதா?" என்று கத்தினாள் நாத்தனார்.

"தெரியாமப் போகுமா? அதுக்காகத்தானே கொஞ்ச நேரம் கண்ணை மூடியே கிடந்தேன்."

இன்ஸ்பெக்டர் அவர் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"உங்களை அடிச்சது யாரு?"

"யாரும் அடிக்கலையே."

"தள்ளிவிட்டது?"

"யாரும் தள்ளலை சார். கேபிளைச் சொருகினேன். மூணு, நாலு, ரெண்டு விளக்கும் ஒண்ணாப் பச்சையா எரிஞ்சுது. அழகா இருந்துச்சு. தள்ளி நின்னு பார்க்கலாம்னு ரெண்டு அடி பின்னால வெச்சேன்..."

"அப்புறம்?"

"தரை இல்லை சார்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். கொலை முயற்சியும் கையை விட்டுப் போயிற்று! கான்ஸ்டபிள் காதிலிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு நியாயமான கேள்வி இருந்தது.

"ஏன்யா, ரெண்டு போர்ட்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம்தான் இருக்கு. அதுக்கு எதுக்குய்யா ஊர்கோலம்?"

"சின்னக் கேபிள் ஸ்டோர்ல இல்லை. புதுசு வாங்க எம்.டி. கையெழுத்து வேணும். 'இருக்கறதை வெச்சு முடி'ன்னுட்டார். இருந்தது இந்த ஒரு நீளக் கேபிள்தான். சுருட்டி மெஷின் பக்கத்துல போட்டா வர்றவங்க கண்ணுக்கு அசிங்கமாத் தெரியும். அதான் ராத்திரியெல்லாம் கண் முழிச்சு, கட்டடத்தைச் சுத்தி நீட்டா விட்டுட்டேன்."

"எதுக்கு? ரெண்டு காலி போர்ட்டை எதுக்குய்யா இணைக்கணும்?"

வயர் கையை உயர்த்தினார். விரல் நேராக எம்.டி.யைக் காட்டியது!

"இவர்தான் சார். நேத்து என்னைத் தனியாக் கூப்பிட்டார். 'நாளைக்குத் தலைமை ஆபீஸ் அம்மா வர்றப்போ ஸ்கிரீன்ல ஒரு சாம்பல் பெட்டி இருக்கக் கூடாது. எல்லாம் பச்சையா இருக்கணும். இல்லைன்னா உன் வேலை இருக்காது'ன்னார்."

ஆந்தை திகைத்து எம்.டி.யைப் பார்த்தாள். எம்.டி. பதறவில்லை. மெல்லச் சிரித்தார்.

"இன்ஸ்பெக்டர், தலையில அடிபட்டவன் பேச்சை நம்புவீங்களா? நான் சொன்னதுக்குச் சாட்சி இருக்கா? எழுத்துல இருக்கா?"

"எழுத்துல குடுத்தாராய்யா?"

"காதுல குடுத்தார் சார்."

"பார்த்தீங்களா? அதுவும் இவன் யாரு? அந்தப் பொண்ணோட சொந்தக்காரன்! ரெண்டு பேரும் சேர்ந்து மெஷினைக் கெடுத்திருக்காங்க. மாட்டினதும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தறாங்க!"

"சார், இப்பத்தான் குடும்பப் பகைன்னு சொன்னீங்க!" என்றாள் ஆந்தை.

"பகை நடிப்பா இருக்கலாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நடிப்பா?" நாத்தனார் கொதித்தெழுந்தாள். "என்ன சார் பேசறீங்க? நான் நிஜமா, மனசார வெறுக்கறேன் சார் எங்க அண்ணியை! ஆனா அவங்க பொய் சொல்ல மாட்டாங்க. என் சமையல் எப்படின்னு கேட்டா முகத்துக்கு நேராச் சொல்றவங்க அவங்க ஒருத்தர்தான். அவங்க போய்த் திருடுவாங்களா?"

ஆந்தையின் கண்ணில் நீர் முட்டியது.

"அவ்வளவு மோசமாடி சொல்லிட்டேன்?"

"நிஜம்தானே அண்ணி. இப்ப அழாதீங்க."

'க்ளிக்!'

ஆந்தையின் ஒரு கையில் விலங்கு.

'க்ளிக்!'

அதன் மறுபாதி வயரின் கையில்!

"கம்பெனி மெஷினைக் கெடுத்த குற்றம். நடங்க!"

"சார், என் குழந்தை..."

"ஸ்டேஷன்ல பேசிக்கலாம்!"

சரியாக அப்போதுதான், வாசலில் ஷூ சத்தங்கள். தலைமை ஆபீஸ் வந்துவிட்டது!

*

முன்னால் ஓர் அம்மாள். நரைத்த குட்டை முடி. சிரிப்பே வராத முகம். பின்னால் கோப்புகளோடு இரண்டு பேர்.

எம்.டி. பாய்ந்து போய் நின்றார். கைதிகள் இருவரையும் தன் கோட்டால் மறைக்கப் பார்த்தார். கோட்டு போதவில்லை.

"வாங்கம்மா, வாங்க!"

"போலீஸ் எதுக்கு?"

"பாதுகாப்பு ஒத்திகைம்மா. மாசா மாசம் நடத்துவோம். இங்க பாருங்க, ஸ்கிரீனைப் பாருங்க! நாலு போர்ட். நாலும் பச்சை. ஒண்ணு கூடச் சும்மா இல்லை. நம்ம ஆபீஸ்ல மெஷின் கூட ஓய்வெடுக்காதும்மா!"

அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். மூன்றாவது பெட்டி... நாலாவது பெட்டி...

பெருமூச்சு விட்டார்.

"அப்போ காலியா எதுவும் இல்லையா?"

"இல்லவே இல்லைம்மா!" எம்.டி.யின் மார்பு விரிந்தது.

"அடடா." அவர் பின்னால் நின்றவரிடம் கையை நீட்டினார். அவர் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். "நாம புதுசா ஒரு கம்பெனியை வாங்கியிருக்கோம். அவங்க வேலை மொத்தத்தையும் ஒரு மெயின்ஃப்ரேம்ல சேர்க்கணும். அதுக்கு ரெண்டு காலி போர்ட் வேணும். இங்க மூணும் நாலும் காலின்னு கேள்விப்பட்டோம். அதை இங்க குடுத்துட்டு, உங்களையே ரெண்டு கம்பெனிக்கும் தலைவராப் போடலாம்னு உத்தரவோட வந்தேன்."

எம்.டி.யின் மார்பு விரிந்தபடியே நின்றது. மூச்சு மட்டும் நின்றுபோயிற்று.

"ப... பரவாயில்லைம்மா... எப்படியாவது..."

"எப்படி? எல்லாம் வேலையில இருக்குன்னு நீங்கதானே சொல்றீங்க? இன்னொரு ஆபீஸ்ல ரெண்டு போர்ட் சும்மாத்தான் கிடக்காம். அந்த ஆபீஸ் எம்.டி.க்கே குடுத்துடறோம்." காகிதத்தை இரண்டாக மடித்தார். "வர்றோம்."

அந்த அம்மாள் திரும்பி நடந்தார்.

எம்.டி. திரையைப் பார்த்தார். பச்சை!

காகிதத்தைப் பார்த்தார். அது வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது!

"அம்மா... நில்லுங்கம்மா! காலிதாம்மா!"

அந்த அம்மாள் நின்றார்.

"எது காலி?"

"மூணும் நாலும்! சுத்தக் காலிம்மா! ஈ எறும்பு கிடையாது!"

"பச்சையா இருக்கே?"

"பொய்ப் பச்சைம்மா! ஒரே கேபிளை ரெண்டுலயும் சொருகி வெச்சிருக்கு. சும்மா அதுக்குள்ளயே பேசிக்குது. நீங்க பார்த்துச் சந்தோஷப்படணும்னு நான்தாம்மா வயர்கிட்ட சொல்லிப் பண்ண வெச்சேன். சத்தியமா நான்தான்! வேணும்னா அவனையே கேளுங்க. வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு மிரட்டினேன்ல? சொல்லேன்டா!"

வயர் விலங்கு மாட்டிய கையை உயர்த்திக் காட்டினார். கூடவே ஆந்தையின் கையும் உயர்ந்தது.

அப்போதுதான் எம்.டி.க்குத் தன் காதில் தன் குரலே விழுந்தது!

"சார்," என்றார் இன்ஸ்பெக்டர், மிக மெதுவாக. "அந்தக் கடைசி ரெண்டு வரியை இன்னொரு தடவை சொல்றீங்களா? கான்ஸ்டபிள் எழுத்து கொஞ்சம் மெதுவு."

எம்.டி. வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த அம்மாள் ஆந்தைக்கு எதிரே வந்து நின்றார்.

"நீதான் இந்த ஸ்கிரீனைப் பார்க்கறவளா?"

"ஆமாம்மா."

"நீ சொல்லு. அந்த ரெண்டும் காலியா?"

ஆந்தை எம்.டி.யைப் பார்த்தாள். சற்று முன் அவளைத் திருடி என்று சொன்ன வாய், இப்போது கெஞ்சும் பாவனையில் கோணியிருந்தது. இல்லை, வேலையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பதவி பறந்துவிடும்.

கூடவே அவள் விடுதலையும்.

ஆனால், அவள் பதில் சொன்னது அதற்காக இல்லை. திரையில் இருப்பதை இருக்கிறபடி சொல்லியே பழகிவிட்டாள்.

"காலிதாம்மா. கேபிளைப் பிடுங்கினா ரெண்டும் உங்களுதுதான். நல்ல போர்ட். இதுவரைக்கும் யாரும் தொடலை."

அந்த அம்மாள் தலையசைத்தார். மடித்த காகிதத்தைப் பிரித்தார். பேனாவை எடுத்து ஒரு பெயரை அடித்தார்.

"வேலை இங்கயே வரட்டும். தலைவர் பதவியைப் பத்தி யோசிக்கணும்." பேனாவை மூடினார். "யோசிச்சாச்சு."

எம்.டி. சோபாவில் சரிந்தார். வயரின் சூடு இன்னும் அதில் இருந்தது.

'க்ளிக்... க்ளிக்!'

விலங்கு கழன்றது. நாத்தனார் ஓடி வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். ஆந்தை மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது.

இன்ஸ்பெக்டரின் போன் அலறியது. மேலதிகாரி! விறைப்பாக நின்று காதில் வைத்தார்.

"முடிஞ்சுது சார்... ஆமா சார், கொலைன்னுதான் தகவல் குடுத்தேன்... செத்தவரா? பக்கத்துல நின்னு தண்ணி குடிக்கறார் சார்... அடிச்சவர்? அவரேதான் சார்... உளவாளியா? இருந்தான் சார். அந்த மெஷினே அந்த மெஷினை உளவு பார்த்திருக்கு... குற்றவாளி, புகார் குடுத்தாரே, அவர்தான் சார்... இல்லை சார், விலங்கு போட்டது கண்டுபிடிச்சவங்களுக்கு..."

மறுமுனையிலிருந்து ஒரே ஒரு கேள்வி.

இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது.

"ஐயோ, ஒரு சொட்டு கூடக் குடிக்கலை சார்... வேணும்னா போன்லயே ஊதிக் காட்டட்டுமா?"